மட்டிப்பழம் போடாத பீரில் மட்டி வாசம்: பழ பீர் புதுமையா, விற்பனை வித்தையா?

மார்த்தாண்டம் சந்தையில் பழுத்த மட்டி வாழைக்குலை தொங்கும் கடையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். ஏத்தனுக்கோ செந்துளுவனுக்கோ அந்த வாசம் கிடையாது. விரல் நீளப் பழம்தான், தோலை உரித்தால் அறையே மணக்கும். வாழைப்பழ வாசத்துக்கு முதல் காரணம் ஐசோ அமைல் அசிட்டேட் என்ற எஸ்டர், அதாவது பழ வாசம் தரும் ஒரு வகைச் சேர்மம். ஜெர்மனியின் பவேரியாவில் காய்ச்சும் கோதுமை பீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினாலும் மூக்கில் முதலில் ஏறுவது இதே வாசம்தான். அதன் பின்னாலேயே கிராம்பு வாசமும் வரும். ஆனால் அந்த பீரில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. பார்லி, கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான்.

கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மட்டிக்கு 2023இல். மாறாமலையில் காயும் கிராம்பின் வாசமும் மட்டியின் வாசமும் ஒரே டம்ளரில் சேர்ந்து வரும் ஒரு பானம், இரண்டையும் தொடாமலே எங்கோ ஒரு குளிர்நாட்டில் உருவாகிறது. பழ வாசமுள்ள பீர் புதுமையா, வித்தையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வாசம் எந்த வழியாக பீருக்குள் வந்தது என்று பார்த்தால்தான் நியாயமான பதில் கிடைக்கும்.

முதலில் ஈஸ்ட் வழி. மட்டி பழுக்கும்போது லூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோ அமைல் ஆல்கஹாலாக்கி, அதோடு அசிட்டேட்டைச் சேர்த்துத்தான் அந்த எஸ்டரைச் செய்கிறது. ஈஸ்டும் தானியச் சாற்றில் இருக்கும் அதே லூசினை எடுத்து, அதே வரிசையில் அதே எஸ்டரைச் செய்கிறது. லிட்டருக்குச் சுமார் 1.2 மில்லிகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். நல்ல கோதுமை பீரில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கிராம்பு வாசம் வேறு கதை. கிராம்பில் இருப்பது யூஜினால். பீரில் இருப்பது அதற்கு மிக நெருங்கிய உறவுள்ள 4-வினைல் குவாயகால். தானிய உமியில் ஒட்டியிருக்கும் ஃபெருலிக் அமிலத்தை இந்த வகை ஈஸ்ட் அப்படி மாற்றிவிடுகிறது. மாவைத் தண்ணீரில் கலந்து சூடாக்கும்போது 43 முதல் 45 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் நிறுத்தினால் ஃபெருலிக் அமிலம் அதிகம் விடுபடும், கிராம்பு தூக்கலாக வரும். நொதித்தலை 17, 18 டிகிரியில் வைத்தால் கிராம்பு முன்னால் நிற்கும். 22 டிகிரிக்கு மேல் விட்டால் வாழைப்பழம் முந்திக்கொள்ளும். ஒரு பழமும் வாங்காமல், வெப்பமானியை மட்டும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது. இந்தத் தொழிலில் உள்ள உண்மையான கைத்திறன்களில் இதை முதல் இடத்தில் வைக்கலாம்.

இரண்டாவது ஹாப்ஸ் வழி. கசப்புக்காகப் போடும் இந்தப் பூவில் மிர்சீன் என்ற எண்ணெய் நிறைய உண்டு. மாங்காயின் காம்பைக் கிள்ளியதும் வரும் வாசத்திலும் அது இருக்கிறது. சில ஹாப்ஸ் வகைகளில் தயால் எனப்படும் கந்தகச் சேர்மங்களும் இருக்கும். கொய்யாப்பழத்துக்கு அந்தக் காரமான வாசத்தைத் தருபவையும் இதே குடும்பம்தான். லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் இருந்தாலே போதும். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. 2000 முதல் வந்த நெல்சன் சாவின், சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்ஸ் வகைகளால்தான் பழமே போடாத பீரில் கொய்யாவும் மாம்பழமும் மணக்க ஆரம்பித்தன. புதுமை என்ற சொல்லுக்கு உரிமை கோர இந்த இரண்டு வழிகளுக்கும் முழுத் தகுதி உண்டு.

மூன்றாவது, பழத்தையே போடுவது. எளிதாகத் தோன்றும், ஆனால் மூன்றில் கஷ்டமானது இதுதான். ஏன் என்பது அக்கானியை (பதநீரை) அறிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அக்கானி, தடவாமல் விட்டால் கள். பாளையிலிருந்து சொட்டுவது ஒரே சாறு; அதில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை. சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றி ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கிவைக்கும். அது இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே இனிப்பு குறைந்து புளிப்பும் போதையும் ஏறிவிடும். இனிப்பு எங்கே போயிற்று? ஈஸ்ட் தின்றுவிட்டது. பீருக்குள் போகும் மாம்பழத்துக்கும் இதே கதிதான்.

கணக்காகவே பார்ப்போம். 5 சதவீத ஆல்கஹால் உள்ள 100 லிட்டர் பீரில் 15 கிலோ செங்கவருக்கை மாம்பழக் கூழ் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழத்தில் சுமார் 14 சதவீதம் சர்க்கரை என்றால் 2.1 கிலோ. ஒரு கிராம் சர்க்கரையில் கிடைக்கக்கூடிய ஆல்கஹால் அதிகபட்சம் 0.51 கிராம், ஆகவே ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 1.35 லிட்டர் ஆல்கஹால் புதிதாகச் சேரும். கூழால் அளவும் பெருகுவதால் கடைசியில் கிடைப்பது சுமார் 5.5 சதவீதம். போதை அரை சதவீதம் ஏறியது; இனிப்பு கொஞ்சமும் ஏறவில்லை. குடிப்பவர் நாக்கில் தேடுவது இனிப்பு மாம்பழத்தை. அது போன பிறகு மிஞ்சுவது புளிப்பும், நாரின் துவர்ப்பும், பாதி வாசமும். இனிப்பில்லாமல் மாம்பழ வாசம் மட்டும் வந்தால் மூளை அதை மாம்பழம் என்று எளிதில் ஒப்புக்கொள்ளாது. பழ பீர் குடித்த பலர் 'பழம் போட்ட மாதிரியே இல்லை' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பல சமயம் உண்மையிலேயே நிறையப் பழம் போட்டிருப்பார்கள்.

எனவே எப்போது போடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும் முதல் மூன்று நான்கு நாட்களில் கார்பன் டை ஆக்சைடு குமுறிக்கொண்டு வெளியேறும். போகும்போது வாசத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். அந்த வேகம் தணிந்த பிறகு, ஐந்தாம் ஆறாம் நாளில் பழத்தைச் சேர்ப்பது வழக்கம். லிட்டருக்கு 100 முதல் 250 கிராம் வரை. தொட்டியில் கால் பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழச் சர்க்கரை கிடைத்ததும் ஈஸ்ட் மறுபடி பொங்கி, நார் குழாயை அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறி மூடியே பறக்கும். அப்படிப் பறந்து ஆள் காயப்பட்டதும் உண்டு.

கூழைத் தயாரிப்பதிலும் கவனம் வேண்டும். பழத்தைத் தோல் சீவி, அரைத்து, நார் வடிகட்டி, 70 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் காட்டு ஈஸ்டும் அசிட்டிக் பாக்டீரியாவும் பெரும்பாலும் செத்துவிடும். கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் பெக்டின் வெளியே வந்து பீரில் கலங்கலாக நின்றுவிடும். ஜாம் கெட்டியாவதும் இதே பெக்டினால்தான். ஆறிய கூழில் பெக்டினேஸ் என்சைம் சேர்த்தால் பெக்டின் உடையும், சாறும் கூடுதலாக இறங்கும். தொட்டியில் சேர்க்கும்போது காற்று கலந்துவிடாமல் கார்பன் டை ஆக்சைடு செலுத்தித் தள்ள வேண்டும். ஆக்சிஜன் பட்டால் சில வாரங்களில் மாம்பழ வாசம் போய் ஈர அட்டைப்பெட்டி வாசம் வரும். சேர்த்த பிறகு அடர்த்தி தொடர்ந்து மூன்று நாள் மாறாமல் நின்றால்தான் சர்க்கரை தீர்ந்தது என்று பொருள். அதற்குப் பிறகே 1, 2 டிகிரிக்குக் குளிரவைத்துக் கசடை அடியில் இறக்குவார்கள்.

(தமிழ்நாட்டில் இதையெல்லாம் வீட்டில் செய்ய அனுமதி இல்லை, செய்தால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்வது உரிமம் பெற்ற ஆலைக்குள் நடப்பதை.)

நம் ஊர்ப் பழம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கைதச்சக்கையில் (அன்னாசியில்) புரோமெலைன் என்ற என்சைம் இருக்கிறது. அதிகம் தின்றால் நாக்கு எரிவது இதனால்தான். பீரின் நுரையைத் தாங்கிப் பிடிப்பது புரதம். புரோமெலைன் அந்தப் புரதத்தை வெட்டிவிடும், ஊற்றிய அரை நிமிடத்தில் நுரை செத்துவிடும். சூடாக்கி என்சைமை முடக்கிய பிறகே சேர்க்க வேண்டும். பப்பாளிப் பாலில் உள்ள பாப்பெயினும் இதே வேலையைச் செய்யும். குளிரில் பீர் கலங்காமல் இருக்க அதையே திட்டமிட்டுப் போடும் முறைக்கு 1911இலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். சக்கையில் (பலாப்பழத்தில்) 19 சதவீதம் அளவுக்குச் சர்க்கரை, வாசமும் தாராளம். ஆனால் பிசின் இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். கடித்துத் தின்னக் கெட்டிச் சுளை வருக்கை சிறந்தது என்றாலும், கூழாக்குவதற்குக் குழைந்த சுளைக் கூழன்தான் லாயக்கு. மட்டியைப் போட்டால்? மாவுச்சத்து, பெக்டின், குறைந்த புளிப்பு, அதற்கு மேல் நொதித்தலில் வாசமும் பறந்துவிடும். மட்டி வாசம் வேண்டுமென்றால் பவேரிய ஈஸ்டே போதும், பழத்தைச் சாப்பிட வைத்துக்கொள்வதே நியாயம். ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் வாழைப்பழத்தில் பீர் செய்கிறார்கள். அங்கே வாழைப்பழம் வாசத்துக்காகப் போடுவதல்ல, சர்க்கரைக்கான மூலப்பொருளே அதுதான்.

பழம் போடுவது புதுசு என்று விளம்பரம் செய்பவர்கள் பெல்ஜியத்தைப் பார்க்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் ஈஸ்டாலும் பாக்டீரியாவாலுமே நொதிக்கும் லாம்பிக் என்ற புளித்த பீரில், லிட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாமல் புளிச் செர்ரியைக் கொட்டையோடு போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்துச் செய்வது கிரீக். கொட்டையிலிருந்து லேசான பாதாம் வாசமும் இறங்கும். இந்தக் கூட்டு ஏன் வெற்றி பெற்றது? புளிப்பு கூடக் கூட பி.எச். அளவு குறையும். சாதாரண பீரின் பி.எச். 4.2 முதல் 4.5 வரை, லாம்பிக் 3.4 அளவில் நிற்கும். பழம் என்றால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்ததுதானே. இனிப்பை ஈஸ்ட் தின்றுவிட்டாலும், புளிப்பு இருந்தால் நாக்கு அதைப் பழம் என்றே ஏற்றுக்கொள்ளும். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று பவேரியா 1516இல் சட்டம் போட்டது; கோதுமைக்குப் பிறகு விலக்கு கிடைத்தாலும் பழத்துக்கு இடமில்லை. அங்கே ஈஸ்டிலேயே வாழைப்பழ வாசம் வந்தது. அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாத பெல்ஜியக்காரர்கள் செர்ரியை அள்ளிப் போட்டார்கள்.

வித்தை என்று துணிந்து சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, காய்ச்சி முடித்த சாதாரண லாகர் பீரில் கடைசி நேரத்தில் எசன்ஸும் சர்க்கரைப் பாகும் ஊற்றுவது. செங்கவருக்கையின் வாசம் பல பத்துச் சேர்மங்கள் சேர்ந்தது. எசன்ஸில் இருப்பது அதில் சில மட்டும். மூக்குக்கு அருகில் கொண்டுபோனதும் பளிச்சென்று அடிக்கும், நாக்கில் வைத்தால் புளிப்பும் இருக்காது, கனமும் இருக்காது. டம்ளரில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உண்மையான பழம் போட்டதில் குளிர் குறையக் குறைய வாசம் விரியும். எசன்ஸ் ஊற்றியதில் மிட்டாய் வாசமும் பசைபோன்ற இனிப்பும்தான் தங்கும். லேபிளில் 'மாம்பழக் கூழ்' என்று இருக்கிறதா, 'நறுமணம்' என்று மட்டும் இருக்கிறதா என்பதையும் படித்துவிடலாம்.

இன்னொன்று ஆபத்தானது. இனிப்பு போகாமல் இருக்க, நொதித்தல் முடிந்த பிறகு கூழைக் கலந்து, பாஸ்டரைஸ் செய்யாமல் அப்படியே கேனில் அடைப்பது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் பீரின் கன அளவுக்குச் சமமான கார்பன் டை ஆக்சைடு புதிதாக உண்டாகும். பீரில் ஏற்கெனவே 2.5 மடங்கு இருக்கிறது. கூழோடு வந்த 20 கிராம் சர்க்கரையும் நொதித்தால் அது 7.5 மடங்காகும். அலுமினிய கேன் தாங்குவது சுமார் 6 பார் அழுத்தம். 30 டிகிரி வெயிலில் இது அதைத் தாண்டிவிடும். கேன் முதலில் அடியில் புடைக்கும், பிறகு வெடிக்கும். 'எப்போதும் குளிரிலேயே வையுங்கள்' என்று லேபிளில் எழுதிவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது தொழில் தெரிந்தவர்கள் செய்கிற காரியமல்ல. 60 டிகிரியில் போதிய நிமிடங்கள் வைத்து ஈஸ்டைக் கொன்ற பிறகு அடைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. பழ வாசத்தில் கொஞ்சம் வெந்த மணம் சேரும், அவ்வளவுதான்.

பெங்களூரில் மாம்பழ சீசன் வந்ததும் அங்கேயே காய்ச்சி விற்கும் கடைகள் மாம்பழ பீர் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. தொட்டியிலிருந்து நேராக டம்ளருக்குப் போவதால் கேன் வெடிக்கும் கவலை இல்லை, வாசம் மங்குவதற்குள் விற்றும் தீர்ந்துவிடும். கேனிலோ பாட்டிலிலோ வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அடைத்த தேதி. குளிரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் வாசம் நிற்கும்; நம் ஊர் வெயிலில் லாரியிலும் குடோனிலும் கிடந்து வந்தது என்றால் சில வாரம்கூடத் தாங்காது.