வைஃபை வரவில்லை என்று லினக்ஸை மறுபடி நிறுவுவதற்கு முன்

பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பதால், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வரும் மாணவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "சார், ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணியாச்சு, அப்பவும் வைஃபை வரலை." சென்ற பருவத்தில் வந்த மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரும் இதைத்தான் சொன்னார். லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான உபுண்டுவை இரண்டு முறை முழுதாக நிறுவியிருந்தார். முதல் முறையிலேயே தன் திட்டப்பணிக் கோப்புகளையும் இழந்திருந்தார்.

கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, கணினியிலுள்ள வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை, அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவரின் விவரமும் சேர்ந்து வரும்படி கொடுத்தேன். வைஃபை அட்டையின் பெயர் பட்டியலில் இருந்தது; ஆனால் அதன் கீழே, எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும் வரி மட்டும் இல்லை. அட்டை உயிரோடுதான் இருக்கிறது, அதை இயக்கத்தான் ஆள் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு வெளியே தனியாகத் தொகுக்கப்படும் டிரைவர் தேவைப்படும் வகை அட்டை. மோட்புரோப் கட்டளையால் அந்த டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்த்தபோது, கையொப்பச் சாவி ஏற்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றது.

"நிறுவி முடிச்சு ரீஸ்டார்ட் ஆனப்போ நீலக் கலர்ல ஒரு திரை வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு சார். என்டர் தட்டினேன், போயிடுச்சு."

இரண்டு முறையும் அப்படித்தான் போயிருக்கிறது. நம்பகமான மென்பொருளை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட் என்ற காவல் இயங்கும் மடிக்கணினியில், நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரைக் கர்னல் ஏற்காது. அதனால்தான் தனியார் டிரைவர்களையும் சேர்த்து நிறுவச் சொன்னால், உபுண்டு நிறுவி நம்மிடம் ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த தொடக்கத்தில் அந்த நீலத் திரையைக் காட்டுகிறது. அதில் முதல் வரி வழக்கம்போலத் தொடங்கு என்பதாகும். டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவியைப் பதிவுசெய்யும் தேர்வு அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. பத்து நொடிக்குள் எதையும் தொடாவிட்டாலும், பழக்கதோஷத்தில் என்டர் தட்டினாலும் கணினி வழக்கம்போலத் தொடங்கிவிடும், சாவியோ பதிவாகாது. மோக்யூட்டில் கட்டளையால் சாவியை மறுபடி சமர்ப்பித்து, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்து, மறுதொடக்கத்தில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தோம். இயங்குதளத்தின் மேல் கைவைக்காமலே வைஃபை வந்தது.

வைஃபை வரவில்லை என்ற ஒரே வாக்கியத்துக்குள் முற்றிலும் வேறுபட்ட ஐந்தாறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. எந்தப் படியில் நின்றுபோயிருக்கிறது என்று பார்க்காமல் செய்யும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம்தான். கணினியின் கண்ணுக்கு அட்டை தெரிகிறதா, தெரிந்தாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா, டிரைவரும் ஃபர்ம்வேரும் ஏறியிருக்கின்றனவா, ரூட்டருடன் இணைகிறதா, இணைந்த பிறகு இணையம் வருகிறதா என்று கீழிருந்து மேலே ஏறிப் பார்ப்பதே என் வழக்கம்.

அட்டையே பட்டியலில் இல்லையென்றால் கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் அது முடக்கப்பட்டிருக்கலாம், அல்லது செருகியில் தளர்ந்திருக்கலாம். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக உள்ள மடிக்கணினிகளில் இன்னொரு சந்தேகமும் எழ வேண்டும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணினியை முழுமையாக அணைப்பதில்லை. பாதி உறக்கத்தில் விட்டுவிடுகிறது. அந்த நிலையில் விடப்பட்ட அட்டையை லினக்ஸால் சில சமயம் எழுப்ப முடியாது. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்து, பிறகு லினக்ஸுக்குள் போய்ப் பாருங்கள். வைஃபை வந்துவிட்டால் அந்த வசதியை நிரந்தரமாக அணைத்துவிடலாம்.

அட்டை தெரிந்தால் அடுத்து, அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளை. மென்பொருள் வழியே பூட்டப்பட்டிருந்தால் அதே கட்டளையால் திறந்துவிடலாம். வன்பொருள் பூட்டு என்று காட்டினால் பக்கவாட்டுச் சுவிட்சையோ, விமானச் சின்னம் உள்ள விசையையோதான் தேட வேண்டும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. லெனோவோ ஐடியாபேட், யோகா வரிசைகளில் அப்படிப்பட்ட சுவிட்சே இல்லாத பல மாடல்களிலும் ஐடியாபேட் டிரைவர் வன்பொருள் பூட்டு இருப்பதாக அறிவித்துவந்தது. கர்னல் நிரலர்கள் அந்த மாடல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனார்கள். இல்லாத சுவிட்சைத் தேடி மடிக்கணினியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவர்களை நான் அறிவேன்.

உண்மையான சிக்கல்களில் பெரும்பகுதி டிரைவர், ஃபர்ம்வேர் என்னும் மூன்றாம் படியில்தான் இருக்கிறது. டிரைவர் பொதுவாகக் கர்னலின் பகுதி; ஃபர்ம்வேர் என்பது அட்டைக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். இன்டெல் அட்டைகளின் டிரைவர் கர்னலுடனேயே வருகிறது, ஆனால் ஃபர்ம்வேர் கோப்பு இல்லையென்றால் அட்டை அசையாது. கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டில் ஃபர்ம்வேரை ஏற்ற இயலவில்லை என்று கோப்பின் பெயரோடு ஒரு வரி இருக்கும். அந்தப் பெயர்தான் எந்த மென்பொருள் பொதியை நிறுவ வேண்டும் என்பதற்கான துப்பு. இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனில் பல ஆண்டுகளாக இது தீராத தலைவலியாக இருந்தது; கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ நிறுவல் கோப்பிலேயே சேர்ப்பது என்று அதன் உறுப்பினர்கள் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்தனர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. இன்றும் யாராவது டெபியன் 12க்கு முந்தைய பழைய பென்டிரைவை வைத்து நிறுவிவிட்டு வைஃபை இல்லை என்றால், நான் முதலில் பென்டிரைவைத்தான் மாற்றச் சொல்வேன்.

பிராட்காமின் பிசிஎம்43142 போன்ற சில்லுகளுக்கு அந்நிறுவனத்தின் மூடிய டிரைவரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ரியல்டெக் 8821சிஇ கதை வேறு. கர்னல் 5.9 வரும்வரை அதற்கும் வெளியிலிருந்துதான் டிரைவர் எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு கர்னலிலேயே வந்துவிட்டது. ஆனால் இணையத்தில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் அதற்கு முந்தைய வழிகாட்டிகள். அவற்றைப் பின்பற்றி வெளி டிரைவரையும் ஏற்றினால், ஒரே அட்டைக்கு இரண்டு டிரைவர்கள் போட்டியிட்டு, ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுவிடும். ஏதோ ஒரு பக்கத்தில் கிடைத்த ஸ்கிரிப்டை, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டு ஒட்டுவது, முகமறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம் என்பதை ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களிடம் சொல்லிவருகிறேன்.

நேற்றுவரை ஓடிய வைஃபை, அப்டேட் செய்த மறுநாள் காணாமல் போனால், புதிய கர்னலுக்கு ஏற்ப வெளியிலிருந்து ஏற்றிய டிரைவர் மறுபடி தொகுக்கப்படவில்லையா என்று பார்க்க வேண்டும். அப்படியென்றால் பெரும்பாலும், தொகுப்பதற்குத் தேவையான கர்னல் ஹெடர் பொதி நிறுவப்படாததே காரணம். தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் கூடுதல் தேர்வுகள் பகுதிக்குப் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு திரும்பிவிடும்; பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம். பழைய கர்னலும் இல்லையென்றால், செல்பேசியை யுஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் செய்யுங்கள், அதாவது செல்பேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுங்கள். அதற்கு எந்த டிரைவரும் தனியாகத் தேவைப்படாது; வேண்டிய பொதியை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம்.

இணைகிறது, ஆனால் அடிக்கடி அறுந்துபோகிறது என்பவர்களுக்கு மின்சேமிப்பு அமைப்பைப் பார்க்கச் சொல்வேன். உபுண்டுவில் இணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பு ஒன்றில் வைஃபை பவர்சேவ் என்பதற்கு எதிரே 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு அணையும். பேட்டரி சற்று விரைவில் தீரலாம். எனக்கு அது பரவாயில்லை என்றே படுகிறது.

செல்பேசியில் தெரியும் வீட்டு வைஃபை மடிக்கணினியில் மட்டும் தெரியவில்லை என்று ஒரு பேராசிரியர் வந்தார். அவருடைய ரூட்டர் 13ஆம் சேனலில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. மடிக்கணினியின் வானொலி விதிமுறை நாடு அமெரிக்கா என்று அமைந்திருந்தது. அந்த அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 11ஆம் சேனலுக்கு மேலே அட்டை திரும்பிக்கூடப் பார்க்காது. நாட்டை இந்தியா என்று மாற்றியதும் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. ரூட்டரை 6ஆம் சேனலுக்கு மாற்றியிருந்தாலும் தீர்ந்திருக்கும்.

இணைந்த பிறகும் இணையப் பக்கம் திறக்கவில்லையென்றால் 8.8.8.8 என்ற எண் முகவரிக்கு, பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் அனுப்பிப் பாருங்கள். அது போய், பெயர் முகவரிக்கு மட்டும் போகவில்லையென்றால் பழுது வைஃபையில் இல்லை, பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் அமைப்பில்தான்.

எதுவும் சரிப்படாமல் வெளியே செருகும் வைஃபை கருவியான யுஎஸ்பி டாங்கிள் வாங்க முடிவெடுப்பவர்கள், பெட்டியின் மேலுள்ள மாடல் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில், முதல் பதிப்பில் கர்னலே நேரடியாக ஆதரிக்கும் ஏத்தரோஸ் சில்லும், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லும் வந்தன. நண்பர் சொன்ன அதே டாங்கிள்தான் என்று கடைக்காரர் எடுத்து நீட்டினாலும், பதிப்பு எண் அச்சிட்ட சிறிய ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.