வழியறிதல்: ‘வழி கண்டுபிடிப்பு’ ஏன் வேண்டாம்?

கீழே மூன்று தளம் கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், அதற்கும் மேல் இரண்டு டவர்களாகக் குடியிருப்பு. சென்னையில் எழும்பிக்கொண்டிருக்கும் அப்படியொரு கட்டடத்தின் பலகைத் தமிழைத் திருத்தித் தரும்படி போன மாதம் ஒரு கோப்பு வந்தது. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ‘வழி கண்டுபிடிப்புப் பலகைகள்’. இந்த ஆண்டில் இந்தத் தொடரை நான் பார்ப்பது நான்காவது முறை. இன்னும் பேசாமல் இருந்தால் கலைச்சொல் பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆங்கிலத்தில் இது ‘வேஃபைண்டிங்’. வழி, காணுதல் இரண்டும் சேர்ந்த சொல், அவ்வளவுதான். நகரமைப்புப் பேச்சில் இதற்கு இடம் பிடித்துத் தந்தவர் அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் மக்கள் தங்கள் ஊரை மனத்தில் எப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1960இல் அவர் வெளியிட்ட நூலில் இச்சொல் வருகிறது. அவர் பேசியது பலகையைப் பற்றி அல்ல, நடப்பவரின் மனத்தைப் பற்றி. நான் நிற்பது எங்கே, திரும்ப வேண்டியது எந்தப் பக்கம், வந்த வழி சரிதானா என்று ஒருவர் தெரிந்துகொண்டே போவதுதான் அந்தச் செயல். பலகை அதற்கு ஒரு துணை. லண்டனின் பார்பிகன் வளாகத்தில் வீடுகள், கலை மையம், பள்ளி எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. வந்தவர்கள் வழி தெரியாமல் சுற்றியதால் நடைபாதைத் தரையிலேயே மஞ்சள் கோடு போட்டு வைத்தார்கள். அந்தக் கோடும் இதற்குள் அடக்கம்.

இப்போது ‘கண்டுபிடிப்பு’க்கு வருவோம். “வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?” என்று வாசலில் நின்று கேட்கிறோம், அது நல்ல தமிழ். ஆனால் அதே வினை ‘கண்டுபிடிப்பு’ என்று பெயராகிவிட்டால் பொருள் வேறு. நீராவி எஞ்சின் கண்டுபிடிப்பு, பென்சிலின் கண்டுபிடிப்பு. இதுவரை இல்லாததை, யாரும் அறியாததை ஒருவர் உலகுக்குக் கொண்டுவருவது. ஆறாவது மாடிப் பல் மருத்துவரிடம் போக லிஃப்டைத் தேடும் பெரியவர் எதையும் உலகுக்குக் கொண்டுவரவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் முன்னால் நிற்கும் ‘வழி’. “காலேஜ் ஃபீஸ் கட்ட ஒரு வழி கண்டுபிடிக்கணும்” என்றால் யாரும் தெருவைத் தேடிப் புறப்படுவதில்லை. இரண்டும் சேர்ந்தால் தமிழில் உபாயம் என்றுதான் காதில் விழும். ஆகவே ‘வழி கண்டுபிடிப்புப் பலகை’ என்பதைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் படித்தால் ஏதோ பிரச்சினைக்குத் தீர்வு சொல்லும் பலகை என்றே நினைப்பார். சொல்லுக்குச் சொல் சரி என்று வாதாடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் வைத்த பிறகு அது தமிழில் என்ன சொல்கிறது என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

‘வழிகாட்டல்’ என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் காட்டுவது பலகை, அறிவது மனிதர். ஆளை மாற்றிப் போட்டுவிடுகிறது அந்தச் சொல். போதாக்குறைக்கு அரசு நெறிமுறையும் வழிகாட்டல், மாணவர்க்கான ஆலோசனையும் வழிகாட்டல், பத்திரப்பதிவில் நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு. ஏற்கெனவே சுமை அதிகம்.

தூய தமிழ் நண்பர்கள் சிலர் ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறார்கள். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புபவர் எதிரே வருபவரை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அழகான சொல்தான். ஆனால் இன்றைக்கு ஆறு என்றால் நதி, இலங்கையில் ஆற்றுப்படுத்தல் என்றால் மனம் நொந்தவருக்குச் சொல்லும் ஆலோசனை. லிஃப்ட் வாசலில் அது வேலை செய்யாது.

எனினும் நமக்கு வேண்டியது ஆற்றுப்படைக்குள்ளேயே கிடைக்கிறது. சங்க இலக்கியமான மலைபடுகடாம், நன்னன் என்ற மன்னனிடம் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டு. நீங்கள் இந்த நிலத்துக்குப் புதியவர்கள், வழிகள் சந்திக்கும் இடத்தில் ‘புல் முடிந்து இடுமின்’ என்கிறது. பின்னால் வருபவருக்காகப் புல்லை முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். அடுத்த வரிகளில், பாதை பிரியும் இடத்து மரா மரத்தடியில், செல்லும் இடத்தின் பெயரை வருவோர் ‘அறிமார்’, அதாவது அறியும் பொருட்டு, எழுதி வைத்திருக்கும் செய்தி வருகிறது. கவர்த்த வழியில் ஊர்ப்பெயர் எழுதிய அடையாளம்! புலவர் போட்ட வினை ‘அறி’. ‘வழியறிதல்’ என்று நான் சொல்வது இந்தத் துணிவில்தான். செயலுக்கு வழியறிதல், பலகைக்கு வழிகாட்டிப் பலகை, அம்புக்குறி மட்டும் உள்ளதற்குக் கைகாட்டி. மூன்றும் எல்லாருக்கும் புரியும்.

தலைப்பு ஒன்றோடு போயிருந்தால் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். கோப்பு முழுவதும் இந்த அவசரம்தான். கடைகள் இருக்கும் அடித்தளப் பகுதியான போடியம் ‘மேடை’ ஆகியிருந்தது. வருபவர் கச்சேரி நடக்கிறதா என்று கேட்பார். தரைத்தளத்துக்கு மேலே உள்ளதற்கு ஒரு பக்கத்தில் ‘முதல் தளம்’, இன்னொரு பக்கத்தில் ‘இரண்டாம் தளம்’. ‘முதல் மாடி’ என்று போட்டால் குழப்பமே இல்லை, மாடி என்றாலே தரைக்கு மேல்தான். சிங்கப்பூரில் 2014இல் லாவ் பா சாட் என்ற பழைய சந்தையின் பெயர்ப்பலகையில் கடைசி அசையான ‘சாட்’ என்பதை ஆங்கில ‘சாட்டர்டே’யின் சுருக்கமாக, அதாவது சனிக்கிழமை என்று எடுத்துத் தமிழில் ‘சனி’ என்றே எழுதிவிட்டார்கள். பலகையைப் பார்க்காமல், இடத்துக்குப் போகாமல், பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

என்னை உண்மையில் பதறவைத்தது வேறு ஒரு பலகை. 24 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களில், தீப்பிடித்தால் படியிறங்க முடியாதவர்கள் ஒதுங்கிக் காத்திருக்க ஒரு பகுதியை விட வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஆங்கிலத்தில் ‘ரெஃப்யூஜ் ஏரியா’ எனப்படும் அந்த இடத்துக்குக் கோப்பில் இருந்த தமிழ் ‘அகதிகள் பகுதி’. அகதி கதியற்றவர், இதுவோ கதி கிடைக்கும் இடம். புகை சூழ்ந்த நேரத்தில் சர்க்கரை நோய்க்காலோடு ஒரு பாட்டி அதைப் படித்துவிட்டு, இது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடலாம். அந்தத் தொடரை அடித்துவிட்டு, ‘தீ விபத்தின்போது இங்கே காத்திருக்கவும்’ என்று எழுதி அனுப்பினேன். பலகையில் அவ்வளவு இடமில்லை, இரண்டு சொல்லில் முடியுங்கள் என்று பதில் வந்தது. பலகையை அகலமாக்கச் சொல்லியிருக்கிறேன்.