15 நிமிடத்தில் ஒரு செயலியை எடைபோட முடியுமா?

2014 ஏப்ரலில் கூகுள் பிளே ஸ்டோரின் கட்டணச் செயலிகள் பட்டியலில் 'வைரஸ் ஷீல்டு' என்ற புதிய செயலி உச்சிக்கு ஏறியது. விலை 3.99 டாலர். 10,000 பேருக்கு மேல் வாங்கியிருந்தார்கள். மதிப்பீடு 5-க்கு 4.7. திறந்தால் திரையில் ஒரு கேடயம் தெரியும், அதன் நடுவே பெருக்கல் குறி இருக்கும். விரலால் தொட்டால் அது 'சரி' குறியாக மாறும். அந்தச் செயலி செய்த வேலை அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு பற்றி எழுதும் செய்தித் தளம் ஒன்று நிரலைப் பிரித்துப் பார்த்தபோது, வைரஸைத் தேடும் பகுதியே உள்ளே இல்லை. கூகுள் செயலியை நீக்கியது, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, கூடவே 5 டாலர் சலுகைத் தொகையும் தந்தது.

ஏமாற்றியவரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. விலை இருந்தது, தரவரிசை இருந்தது, நட்சத்திரங்களும் இருந்தன. ஒரு பொருளைப் பற்றிக் கடை நமக்குச் சொல்லக்கூடிய அடையாளங்கள் எல்லாமே இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை என்பதை அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

இதன் காரணத்தைச் செல்பேசிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1970-இல், ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்களை வைத்து விளக்கியிருந்தார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஒரு ஏற்றத்தாழ்வே சந்தையைக் கெடுக்கப் போதும் என்றார். 2001-இல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

அவருடைய வாதத்தைச் செயலிக் கடையில் வைத்துப் பார்ப்போம். குறிப்பெடுக்க உதவும் செயலிகள் பத்து இருக்கின்றன. ஐந்து நன்றாக வேலை செய்பவை. அவற்றுக்கு 4 டாலர் தரலாம். மற்ற ஐந்தும் குப்பை. கடையில் காட்டும் படங்களையும் விளக்கத்தையும் பார்த்தால் பத்தும் ஒன்றுபோல இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் நல்லது அமைவதற்குப் பாதி வாய்ப்புதான் என்பதால், நிதானமானவர் 2 டாலருக்கு மேல் தரமாட்டார். நல்ல செயலியை எழுதியவருக்கோ 3 டாலருக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. பிழைகளைத் திருத்த வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் வரும் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ப மாற்றியெழுத வேண்டும், பயனர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் கடையைக் கட்டுகிறார். ஒரே வாரத்தில் ஒப்பேற்றியவருக்கு 1 டாலர் கிடைத்தாலும் லாபம்தான்; அவர் இருந்துகொள்கிறார். பத்தில் நல்லவை இரண்டாகச் சுருங்கியதும் வாங்குபவர் தரத் துணிவது 80 சென்ட்தான். மிச்சமிருந்த இருவரும் கிளம்புகிறார்கள். யாரும் கூடிப் பேசிச் சதி செய்யவில்லை. அவரவர் தம் கணக்கைச் சரியாகப் போட்டதிலேயே நல்ல சரக்கு சந்தையை விட்டுப் போய்விடுகிறது.

செயலிக்கு இன்னொரு தனிக் குணமும் உண்டு. முதல் பிரதியை உருவாக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். பத்தாயிரமாவது பிரதிக்கு ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை. அதனால் போட்டி என்று வந்துவிட்டால் விலை இறங்குவதைத் தடுக்கத் தரை என்று ஒன்று கிடையாது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று திறந்தது. விரைவிலேயே 0.99 டாலர்தான் செயலிக்கான 'இயல்பான' விலை என்று பலர் மனதிலும் பதிந்தது. விலையைக் குறைத்தால் விற்பனை கூடும், விற்பனை கூடினால் பட்டியலில் மேலே வரலாம், மேலே வந்தால்தான் கண்ணில் படலாம். கூகுள் பிளே ஸ்டோரின் முந்தைய வடிவமான ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில் கட்டணச் செயலிகள் 2009 பிப்ரவரியில் வந்தன. அங்கே வாசல் இன்னும் அகலமாக இருந்தது. ஒருமுறை 25 டாலர் கட்டிப் பதிவு செய்துகொண்ட எவரும் செயலியை ஏற்ற முடிந்தது. வெளியிடும் முன் மனிதர்களும் பார்த்துச் சரிபார்க்கிறார்கள் என்று கூகுள் அறிவித்தது 2015 மார்ச்சில்தான். இந்தத் திறந்த வாசல் ஒரு பெரிய நன்மை என்றே நான் நினைக்கிறேன். யாரிடமும் அனுமதிக்குக் காத்திராமல் ஒரு மாணவர் தன் செயலியை உலகத்தின் முன் வைக்க முடிந்தது. ஆனால் வாசலில் சல்லடை இல்லாவிட்டால் உள்ளே எங்காவது ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

அந்தச் சல்லடை ரீஃபண்ட். அதன் அருமை போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

உத்தரவாதம் கொடுப்பது இந்த நோய்க்கு ஒரு மருந்து என்று அகெர்லாஃபே எழுதியிருக்கிறார். காரில் அது செலவு பிடிக்கும் மருந்து. ஒரு மாதம் ஓட்டிவிட்டுத் திருப்பித் தந்த கார் தேய்ந்திருக்கும். செயலி தேய்வதில்லை. திரும்பி வந்தால் விற்றவருக்கு அந்த ஒரு விற்பனை கைவிட்டுப் போகிறது, வேறு சேதம் இல்லை. இப்போது ஒரு கணக்கு, எண்கள் எல்லாம் கற்பனைதான். 4 டாலர் செயலி ஒன்றை 100 பேர் வாங்குகிறார்கள். செயலி நல்லதென்றால் 10 பேர் திருப்பித் தருவார்கள், 360 டாலர் நிற்கும். மோசமானதென்றால் 90 பேர் தருவார்கள், 40 டாலர்தான் நிற்கும். விலைச்சீட்டு இரண்டிலும் ஒன்றுதான், வருமானம் மட்டும் ஒன்பது மடங்கு வேறுபடுகிறது. வாங்குபவரும் 2 டாலருக்குப் பயந்து நிற்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும் என்பதால் முழு 4 டாலரைத் துணிந்து நீட்டுவார். நல்லவர் கடையைக் கட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்கக் கிடைக்கும் கால அவகாசம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு மார்க்கெட் முதலில் 24 மணி நேரம் கொடுத்தது. 2010 டிசம்பரில் அதை 15 நிமிடமாகச் சுருக்கியது. திருப்பித் தருபவர்களில் பெரும்பாலோர் வாங்கிய சில நிமிடங்களிலேயே தந்துவிடுகிறார்கள் என்று கூகுள் விளக்கம் சொன்னது. விளையாட்டு எழுதுபவர்களின் குறையும் நியாயமானதே. ஒரே இரவில் முடித்துவிடக்கூடிய ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு, காலையில் பணத்தைக் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? 2014-இல் அவகாசம் 2 மணி நேரமாக நீண்டது.

ஆனால் ஒரு செயலியை அறிந்துகொள்ள ஆகும் நேரம் அதன் வேலையைப் பொறுத்தது. படத்துக்கு வண்ணம் ஏற்றும் செயலியைப் பற்றி ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லலாம். வழிகாட்டும் செயலிக்கு ஒரு பயணமாவது வேண்டும். தூக்கத்தை அளக்கும் செயலிக்கு ஒரு முழு இரவு வேண்டும்; அதை 15 நிமிடத்தில் எடைபோடச் சொல்வதும் சல்லடையையே எடுத்துவிடுவதும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம் வைத்ததுதான் பிழை.

பொருளியலில் இதற்கு ஒரு வகைப்பாடு இருக்கிறது. பார்த்ததுமே தரம் தெரிந்துவிடும் பொருள்களையும் பயன்படுத்தினால்தான் தெரியும் பொருள்களையும் 1970-இல் ஃபிலிப் நெல்சன் பிரித்துக் காட்டினார். 1973-இல் டார்பி, கார்னி இருவரும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள். பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத, நம்பிக்கையின் பேரில் மட்டுமே வாங்கக்கூடிய பொருள்கள் அவை.

வைரஸ் ஷீல்டு இந்த மூன்றாவது வகை. வைரஸ் வரவில்லை என்றால், செயலி தடுத்ததா, அல்லது வைரஸ் வரவே இல்லையா? வாங்கியவருக்குத் தெரிந்ததெல்லாம் 'சரி' குறிதான். அதற்குத்தான் அவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார், அதுவும் மனமாரக் கொடுத்தார். இங்கே 2 மணி நேரம் தந்தாலும் 2 மாதம் தந்தாலும் பயன் இல்லை. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆய்வகம் 2019-இல் ஆண்ட்ராய்டுக்கான 250 வைரஸ் தடுப்புச் செயலிகளை, 2,000 தீய செயலிகளை வைத்துச் சோதித்தது. அந்தத் தீய செயலிகளில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்து, நல்ல செயலிகள் மீது பொய்யாகக் குற்றம் சாட்டாமலும் இருந்தவை வெறும் 80. மற்ற 170 செயலிகளின் குறையை அவற்றைப் பயன்படுத்தியவர்கள் தாமாகக் கண்டுபிடித்திருக்க வழியில்லை. உள்ளே திறந்து பார்க்கத் தெரிந்த மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டும். பேட்டரியைச் சேமிப்பதாகவும் நினைவகத்தைச் சுத்தம் செய்வதாகவும் சொல்லும் செயலிகளுக்கும் இது பொருந்தும்.

'இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள், பிடித்தால் உள்ளே பணம் கட்டுங்கள்' என்ற முறை இந்தச் சிக்கலுக்குச் சந்தை தானே கண்டுபிடித்த விடை. ஆப்பிள் 2009 அக்டோபரில் இலவசச் செயலிகளுக்கு அதை அனுமதித்தது; ஆண்ட்ராய்டில் 2011-இல் வந்தது. முதலில் தரத்தைப் பார்க்கலாம், பிறகு விலை கொடுக்கலாம். ஆனால் விலை வாசலிலிருந்து உள்ளறைக்குப் போய்விட்டது. பெற்றோர் அறியாமல் குழந்தைகள் செய்த செலவுக்காக 2014-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கட்டணச் செயலி ஒன்றை வாங்கினால், பணத்தைத் திருப்பிக் கேட்கக் கிடைக்கும் அவகாசத்தை அழகைப் பார்ப்பதில் கழிக்காதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். கேட்கும் அனுமதிகளை மறுத்துப் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முக்கியமாக, நான்கைந்து வரி தகவலை உள்ளிட்டு, அதை வேறொரு செயலியில் திறக்கக்கூடிய கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதியுங்கள். அந்தக் குறை மட்டும், உங்கள் மூன்றாண்டுக் குறிப்புகள் உள்ளே சிக்கிய பிறகுதான் வழக்கமாகத் தெரியவரும்.