79 வாங்கியதற்கா இந்த அழுகை?

மார்க் குறைந்ததற்காக உடைந்துபோய் என்னிடம் ஆலோசனைக்கு வந்த பிள்ளைகளில், இந்த மாதத்தில் இது ஐந்தாவது. ஐந்து பேரும் வகுப்பில் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வருகிறவர்கள். யாரும் பெயிலாகவில்லை. ஆனாலும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வீட்டாரால் வலுக்கட்டாயமாக அழைத்து வரப்பட்டவர்கள். கூட வந்த பெரியவர்கள் ஐந்து முறையும் என்னிடம் சொன்னது ஒரே வசனம்தான்: "நல்ல மார்க்தான் மேடம். இதுக்குப் போய் இப்படிப் பண்றா."

மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் தொழில். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடைசியாக வந்த பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கல்லூரியில் முதலாண்டு. பள்ளி முடிகிறவரை 95க்குக் கீழே இறங்கியதே இல்லை. இப்போது இயற்பியலில் 79. விடைத்தாளை எட்டாக மடித்துப் பையின் அடியில், குடைக்கும் கீழே திணித்து வைத்திருந்தாள். மூன்று வாரமாக அதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. வீட்டில் கேட்டபோதெல்லாம் "இன்னும் பேப்பர் கொடுக்கலை" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். தோழி ஒருத்தி வாய்தவறி உளறியதில்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

அம்மா என் எதிரிலேயே சொன்னார்: "எத்தனை பேர் பாஸ் மார்க்குக்கே தவிக்கிறாங்க. இவளுக்கு 79 பத்தலையாம்." மகள் தலையை நிமிர்த்தாமல் "சாரிம்மா" என்றாள்.

அந்த "சாரி" எதற்கு என்று யோசியுங்கள். மதிப்பெண் குறைந்ததில் ஏற்கெனவே ஒரு வெட்கம். இப்போது அதற்காக வருத்தப்பட்டதில் இன்னொரு வெட்கம். ஆறுதல் சொல்ல வந்தவர் சுமையை இரட்டிப்பாக்கிவிட்டுப் போகிறார். கால் சுளுக்கி வந்தவரிடம், "பக்கத்து அறையில் ஒருவருக்கு எலும்பே முறிந்திருக்கிறது, நீங்கள் எழுந்து நடங்கள்" என்று எந்த மருத்துவராவது சொல்வாரா? மார்க் விஷயத்தில் மட்டும் எல்லோரும் கூசாமல் சொல்கிறோம். 60 வரும் என்று நினைத்தவனுக்கு 65 வந்தால் அன்றைக்குக் கொண்டாட்டம். 95 வரும் என்று நம்பியவளுக்கு 79 வந்தால் அது பதினாறு படி உருண்டு விழுந்த கதை. விழுந்த இடம் மற்றவர்கள் நிற்கும் இடத்தைவிட மேலே இருக்கிறது என்பதால் அடி படாமல் போகாது. அடுத்தவன் மார்க்கைக் காட்டி அந்த வலியைக் குறைக்க முடியாது. தயவுசெய்து முயற்சிகூடச் செய்யாதீர்கள்.

இன்னொரு ஆறுதல் இதைவிட மோசம்: "கெட்டிக்காரப் பிள்ளை, தானா சரியாயிடும்." ஆகாது. அடிக்கடி சறுக்குகிற பிள்ளைக்கு விழுந்து எழும் பழக்கம் இருக்கிறது. யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பது, வீட்டில் எப்படிச் சொல்வது, அடுத்த தேர்வுக்குள் எதைப் பிடிப்பது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. (உண்மையைச் சொன்னால், சராசரி மதிப்பெண் பிள்ளைகளிடமிருந்து நான் கற்றுக்கொண்ட சமாளிப்பு வித்தைகள் ஏராளம்.) எப்போதும் முதலில் வருகிறவளுக்குப் பதினெட்டு வயதில் இதுதான் முதல் சறுக்கல். பழக்கமே இல்லாத ஒன்றை அவளே சமாளித்துக்கொள்வாள் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

அதோடு அவளுக்குக் 'கெட்டிக்காரி' என்ற பட்டம் வேறு. விருந்தாளிகளிடம் அவளை அறிமுகப்படுத்துவதே அந்தப் பட்டத்தை வைத்துத்தான். 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா மியூல்லரும் கரோல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வைப் பெற்றோர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். முதலில் ஒரு புதிர்த் தொகுப்பு. போட்டு முடித்ததும் சில பிள்ளைகளிடம் "நீ ரொம்பப் புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே மிகக் கடினமான தொகுப்பு. அதில் எல்லோரும் திணறினார்கள். பிறகு, வேறொரு பள்ளி மாணவர்களுக்காக உங்கள் மதிப்பெண்ணை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் எழுதினார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்களில் அப்படி எழுதியவர்கள் அதில் பாதிகூட இல்லை. குடைக்கு அடியில் விடைத்தாள் ஏன் போனது என்று இப்போது புரிகிறதா? அவள் பொய்க்காரி இல்லை. பட்டம் பறிபோகுமோ என்று பயந்த பிள்ளை.

முதலாண்டில் இந்தக் கூட்டம் என்னிடம் அதிகம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் முதலிடம் பிடித்த நூறு பேரைப் பொறுக்கி ஒரே வகுப்பில் உட்கார வைத்தால், அங்கேயும் ஒரே ஒருவர்தான் முதலிடம் வர முடியும். மீதி 99 பேரும் மக்காகிவிடவில்லை, அளக்கும் கூட்டம் மாறிவிட்டது. உளவியலில் இதற்கு 'சின்னக் குளத்துப் பெரிய மீன்' விளைவு என்று பெயர். ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தவர். ஒரே திறமையுள்ள பிள்ளை, கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் உட்காரும்போது தன்னைக் குறைவாக எடைபோடுகிறது.

சரி, அந்த 79 எவ்வளவு துல்லியமான எண்? 1912இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளின் நகல்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணுக்கும் குறைந்தபட்சத்துக்கும் முப்பதுக்கு மேல் வித்தியாசம். ஆங்கிலம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தவர்களுக்காக மறுவருடம் வடிவியல் தாளை அனுப்பினார்கள். வித்தியாசம் இன்னும் கூடியது. இதைத் திருத்தியவர் மேல் பழிபோடச் சொல்லவில்லை. அந்தச் சாக்கை என்னிடம் கொண்டுவருகிற பிள்ளைகளையும் நான் விடுவதில்லை. தராசு முள் கொஞ்சம் ஆடும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

மறுவாரம் அவளிடம் விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். மடிப்பைப் பிரிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. மடித்த இடங்களில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. ஒரு பென்சிலைக் கொடுத்து, "மார்க்கைப் பார்க்காதே. போன 21 எங்கெங்கே போனது என்று மட்டும் எழுது" என்றேன். ஒரு கேள்வியின் மூன்றாவது பிரிவு வினாத்தாளின் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. இவள் திருப்பியே பார்க்கவில்லை. அதில் 6. அலகு எழுதாமல் விட்டதும், நடுவில் ஒரு கழித்தல் குறி காணாமல் போனதுமாக 5. கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் 3. சுழல் இயக்கத்தில் உண்மையிலேயே புரியாமல் எழுதியதில் 7. அவள் நம்பாமல் மறுபடி கூட்டிப் பார்த்தாள். மூன்று வாரமாக 'எனக்கு இயற்பியலே வராது' என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு வராதது ஒரு பாடம், 7 மார்க்.

இந்த வேலையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். மார்க் வந்த அன்றைக்கு மட்டும் வேண்டாம். இரண்டு நாள் போகட்டும். அன்று இரவே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி உட்காராதீர்கள். எழுதினால் கோபமோ கெஞ்சலோதான் இருக்கும். அப்புறம் போய்ப் பார்க்கும்போது "ரெண்டு மார்க் போடுங்க சார்" என்று ஆரம்பிக்காமல் "இந்த விடையில் எங்கே தடம் மாறினேன்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எந்த ஆசிரியரும் முகத்தைச் சுளிப்பார். இரண்டாவதற்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைப்பார்.

அவள் தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனையையும் சொல்ல வேண்டும். தூக்கம் நான்கு மணி நேரம். மாலை நேர விளையாட்டு ரத்து. நோட்டை மூன்று முறை மஞ்சள் கோடு போட்டுப் படிப்பது. கோடு போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற சுகம். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். ஆகவே நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். தூக்கத்தைக் குறைப்பதைப் பற்றி நான் நீட்டி முழக்கப் போவதில்லை. படித்தது மனதில் நன்றாகப் படியத் தூக்கம் வேண்டும். அதில் கை வைக்காதீர்கள்.

ஒரே ஒரு கெஞ்சல். முதல் இரண்டு வாரத்தில் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். பாடத்தை மாற்றுவது, படிப்பை விடுவது எதுவும் வேண்டாம். 'இந்த வேதனை இனி போகவே போகாது' என்று அந்த நாளில் மனம் சொல்லும் கணக்கு தப்பு. உளவியலாளர் டேனியல் கில்பர்ட் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், வேலை நிரந்தரமாகாவிட்டால் நெடுங்காலம் நொந்துபோவோம் என்று விரிவுரையாளர்கள் கணித்திருந்தார்கள். அப்படி வேலை நிரந்தரமாகாமல் போனவர்களோ, மற்றவர்கள் பயந்த அளவுக்கு நொந்துபோயிருக்கவில்லை.

பெற்றோருக்கு: மார்க் வந்த வீட்டில் முதல் கேள்வி "முதல் மார்க் யாரு?" என்பதாக இருக்கவே கூடாது. உறவினர்களுக்குப் போன் போட்டு அறிவிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். அது அவள் சொல்ல வேண்டிய செய்தி. பக்கத்தில் உட்காருங்கள். "ரொம்ப எதிர்பார்த்தே இல்ல?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் பெற்றோர்களுக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

இனி சொல்வதை இரண்டு முறை படியுங்கள். தூக்கமின்மையும் சாப்பாட்டு வெறுப்பும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடந்தால், ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தாலோ, ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். கேட்கிறவர் கிடைத்தால் பெரும்பாலும் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். சொன்னால் உடனே மருத்துவ உதவி, அன்றைக்கே. 'நல்லாப் படிக்கிற பொண்ணு, அப்படியெல்லாம் யோசிக்க மாட்டா' என்று நினைத்து நாளைக் கடத்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று அந்த அம்மா போனில் கேட்டார்: "அழுகை நின்னுடுச்சா மேடம்?" இல்லை. போன சந்திப்பிலும் அழுதாள். ஆனால் விடைத்தாள் இப்போது பையில் ஒரு கோப்புக்குள் இருக்கிறது. சுழல் இயக்கத்தில் இரண்டு கணக்குகளை நோட்டைப் பார்க்காமல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒன்று தப்பு. எந்த வரியில் தப்பு என்று அவளே பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.