பரணில் கிடைத்த கேமராவின் பின்கதவை உடனே திறக்காதீர்கள்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா, கணவரின் பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவை நூல் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கணவர் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை இறக்கியபோது பரணில் கிடைத்திருக்கிறது. கேமராவோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் நீட்டினார். உள்ளே, டப்பாவிலிருந்து முழுவதுமாக உருவிய ஃபிலிம் சுருள். "தம்பி, திறந்ததும் இது இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இதில் அவர் எடுத்த படம் வருமா?" என்று கேட்டார்.

வராது என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

வேலூரில் 28 ஆண்டுகளாகக் கேமரா பழுது பார்க்கிறேன். பழைய ஃபிலிம் கேமராக்கள் வயதால் கெடுவதைவிட, பரணிலிருந்து இறக்கிய முதல் பத்து நிமிடத்தில் நம் கையால் கெடுவதே அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேமரா கிடைத்தால் முதலில் மேல்பக்கம், எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் எண்ணிக்கைச் சாளரத்தைப் பாருங்கள். பின்கதவைத் திறந்தால் பெரும்பாலான கேமராக்களில் அந்த முள் தொடக்கக் குறிக்குத் திரும்பிவிடும். 14, 22 என்று ஏதாவது ஓர் எண்ணில் நின்றால், உள்ளே ஃபிலிம் இருக்க வாய்ப்பு உண்டு. அடுத்து, இடது மூலையில் உள்ள குமிழின் சிறு கைப்பிடியை விரித்து வலப்புறமாக மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டொரு சுற்றில் இறுகி நின்றால் ஃபிலிம் இருக்கிறது. அடிப்பக்கத்துச் சிறு பொத்தானை அழுத்திவிட்டு, அதே கைப்பிடியை அவசரப்படாமல் சுற்றுங்கள். பழைய ஃபிலிம் மொரமொரப்பாகியிருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். சுற்றச் சுற்ற ஒரு கட்டத்தில் கை சட்டென்று இலேசாகும். அப்போதுதான் ஃபிலிம் முழுவதும் டப்பாவுக்குள் போயிருக்கிறது. தெரியாமல் கதவைத் திறந்துவிட்டாலும் பதறாமல் அந்தக் கணமே மூடிவிடுங்கள். சுருளின் வெளிச்சுற்றுகள்தான் முதலில் வெளிச்சம் பட்டுப் பாழாகும். உள்சுற்றுகளில் சில படங்கள் தப்பலாம். கறுப்பு வெள்ளையாக இருந்தால் பல ஆண்டுகள் கழிந்தும் உருவம் நிற்கும். அந்த அம்மா சுருளை உருவாமல் இருந்திருந்தால் நாலு படமாவது மீட்டுக் கொடுத்திருப்பேன்.

அடுத்தது எண்ணெய். ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை, மெதுவாக ஓடுகிறது என்று தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு எடுத்து வருகிறார்கள். அந்த எண்ணெய், லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் பரவினால், இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு முழு லென்ஸையும் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள்.

லென்ஸுக்குப் பின்னால் கேமராவுக்குள் சாய்வாக இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற கண்ணாடியையும் தொடாதீர்கள். வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்புறம் பூசியிருக்கும். கேமராவுக்குள் இருப்பதற்கு முன்புறம். வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்தாலே கோடு விழும். உண்மையில் துடைக்க வேண்டிய தேவையே இல்லை. படம் எடுக்கும் கணத்தில் அந்தக் கண்ணாடி மேலே எழும்பிவிடுகிறது. அதில் உள்ள தூசி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில்தான் தெரியும், படத்தில் விழாது. ஷட்டர் திரையும் அப்படித்தான். கே1000 போன்றவற்றில் அது ரப்பர் பூசிய மெல்லிய துணி, விரல் பட்டாலே மடிந்துவிடும்.

தோல் ஊர்க்காரர்களான நமக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: கேமராவைத் தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸின் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்வது பெரும்பாலும் அப்படித்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே நல்லது.

1976 முதல் 1997 வரை வந்த கே1000, பேட்டரி இல்லாமலே எல்லா வேகத்திலும் ஓடும். ஒளி அளக்கும் முள்ளுக்கு மட்டுமே அந்தச் சிறு பொத்தான் பேட்டரி தேவை. அந்த முள்ளை அணைக்கத் தனி ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி தீராமல் இருக்கும். பல மாதம் தொடப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்து பச்சை பிடித்துவிடும்.

முள் செத்துப் போயிருந்தாலும் கவலை இல்லை. நம் ஊர் வெயில் இருக்கிறது. ஒளியுணர்வு 200 ஐஎஸ்ஓ உள்ள ஃபிலிமுக்கு ஷட்டர் 1/250 நொடி, அப்பர்ச்சர் 16. பகலில் அகழி ஓரம் நின்று கோட்டைச் சுவரை எடுக்க இது போதும். மேகம் மூடினால் அப்பர்ச்சர் 8. வெயில் படாத நிழலில் 4. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத் தூண்களுக்கு அதுவும் போதாது, ஷட்டர் வேகத்தையும் குறைக்க வேண்டும்.

புது ஃபிலிம் போட்டதும், ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது இடது குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் நகரவில்லை. ஏலகிரியில் இரண்டு நாள் 36 படம் எடுத்த ஒரு பையன், ஒன்றுகூடப் பதியாத ரோலோடு வந்து நின்றான். கடைசிப் படத்துக்குப் பிறகு நெம்புகோல் இறுகினால் இன்னொன்று கிடைக்குமா என்று அழுத்தாதீர்கள். அங்கேதான் ஃபிலிம் டப்பாவிலிருந்து பிய்ந்துவிடும்.

குடியாத்தத்து அம்மாவின் கேமராவில் கதவோரத்து ஃபோம் மட்டும் பிசுபிசுவென்று கரைந்திருந்தது. மாற்றிவிட்டேன். ஒரு நொடி முதல் 1/1000 வரை எல்லா வேகமும் சரியாக ஓடுகிறது. வாங்கிக்கொண்டவர், கடை வாசலில் நின்று அந்தக் கைப்பிடியை விரித்து, நான் காட்டியபடியே வலப்புறமாக மெதுவாக ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.