டெய்ராவில் வேலை, சார்ஜாவில் படுக்கை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) ராமநாதபுரம் கேணிக்கரையில் நான் வரிக்கணக்குப் பார்க்கிற ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு தொதல் இனிப்பு டப்பா, பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்த இரண்டு தாள். மகன் அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து எச்-1பி விசாவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறான். இப்போது இரண்டு கம்பெனிகள் கூப்பிடுகின்றன. கலிபோர்னியாவில் சான் ஹோசே என்றால் வருடத்துக்கு 1,50,000 டாலர். டெக்சாஸில் ஆஸ்டின் என்றால் 1,30,000.

"இருபதாயிரம் டாலர் கூட, தம்பி. பதினேழு லட்சம்! இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். மூச்சு விட்டுவிட்டு, "ஆனா சான் ஹோசேல ஒரு ரூம் வீட்டுக்கு மாசம் 2,700 டாலராம். ரெண்டேகால் லட்சம் வாடகை! அந்தக் காசுல இங்க மனையே வாங்கலாமே" என்றார். ஒரே நிமிடத்தில் சான் ஹோசேக்குப் போகச் சொன்னதும் அவர்தான், போகாதே என்றதும் அவர்தான்.

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. நம் கரையில் முன்பெல்லாம் வெளிநாடு என்றால் துபாய், சவூதி, குவைத். அங்கே சம்பளத்துக்கு வரியே இல்லை, என்னிடம் கேட்கவும் பெரிதாக ஒன்றும் இருக்காது. இப்போது பெரியபட்டினத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டார்கள். அங்கே மத்திய அரசு வரி ஒன்று, மாநில வரி இன்னொன்று, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம். அப்பாக்கள் டாலரை எண்பத்தைந்தால் பெருக்கிவிட்டு வருகிறார்கள், பிள்ளைகள் 'டெக்சாஸில் ஜீரோ வரி' என்ற ஒற்றை வரியோடு வருகிறார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

சம்பாதிப்பதும் டாலர், செலவழிப்பதும் டாலர் என்கிறபோது ரூபாயாக மாற்றிப் பார்க்க வேண்டியது கடைசியில் மிஞ்சி ஊருக்கு வரும் பணத்தை மட்டும்தான். நடுவில் பெருக்கினால் தலைதான் சுற்றும். தொதல் டப்பாவின் மூடியைத் திருப்பி அதிலேயே கணக்குப் போட்டோம். கல்யாணம் ஆகாத பையன், 2025-ம் வருட வரி விகிதம், வேறு சேமிப்புக் கழிவு எதுவும் இல்லை.

சான் ஹோசேயில் 1,50,000 வாங்கினால் மத்திய வருமான வரி சுமார் 25,000. ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் இரண்டும் சேர்த்து 11,500 போல. கலிபோர்னியாவின் வருமான வரியும், உடல்நலக் குறைவுக் காப்பீட்டுக்கு என்று சம்பளத்தில் பிடிக்கும் 1.2 சதவீதமும் சேர்ந்து இன்னொரு 11,500. கையில் நிற்பது ஏறக்குறைய 1,02,000. ஆஸ்டினில் 1,30,000-க்கு மத்திய வரி 20,000 சொச்சம், மற்ற பிடித்தம் 10,000 போல, மாநில வருமான வரி கிடையாது. நிற்பது 1,00,000-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக இருபதாயிரம் வித்தியாசம் என்று பார்த்தது வரி போனபின் இரண்டாயிரமாகச் சுருங்கிவிட்டது. அப்புறம் வாடகை. பையன் விசாரித்த அளவில் ஆஸ்டினில் 1,500, சான் ஹோசேயில் 2,700. வருடத்துக்கு 14,400 வித்தியாசம். அதையும் கழித்தால் குறைந்த சம்பளம் கொடுக்கிற ஆஸ்டின்தான் பன்னிரண்டாயிரம் டாலர் முன்னால் நிற்கிறது.

காக்கா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஆஸ்டின்னு சொல்லிரட்டுமா?"

நான் வேறு ஒன்று கேட்டேன். "காக்கா, நீங்க துபாய் டெய்ரா கடைவீதியில துணிக்கடையில இருபத்திரண்டு வருசம் வேலை பார்த்தீங்க. தங்குனது எங்க?"

"சார்ஜாவுல. டெய்ராவுல பெட் ஸ்பேஸ் வாடகை கட்டி முடியாது."

"அப்ப சார்ஜாவுலயே வேலை பார்த்திருக்கலாமே?"

சிரித்துவிட்டார். "டெய்ராவுல ஒரு மொதலாளி வேணாம்னு சொன்னா அடுத்த சந்துல இன்னொரு கடை இருக்கும், தம்பி. அங்க நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் இருப்பான். சார்ஜாவுல அம்புட்டுக் கடை ஏது?"

நான் அரை மணி நேரம் விளக்க நினைத்திருந்ததை அவரே சொல்லிவிட்டார். எச்-1பியில் இருப்பவனுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறொரு கம்பெனி மனுப் போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசை பல வருடம் இழுக்கும் என்பதால் இந்த 60 நாள் கத்தி ஒரு வருடம் இரண்டு வருடத்தோடு போகிற விஷயமும் இல்லை. பையனுடைய துறை நெட்வொர்க் மென்பொருள். சிஸ்கோவின் தலைமையகமே சான் ஹோசேயில்தான், அதே தொழில் செய்கிற மற்ற கம்பெனிகளும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில். ஆஸ்டினில் கம்பெனிகள் இல்லை என்று சொல்ல மாட்டேன், சிப் வடிவமைப்பு படித்தவன் என்றால் ஆஸ்டினைத் தைரியமாகச் சொல்லியிருப்பேன். இவன் தொழிலுக்கு டெய்ரா சான் ஹோசேதான்.

இன்னொன்றும் உண்டு. வேலையை விட்டால் இத்தனை மாதத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவார்களே, அது கலிபோர்னியாவில் செல்லாது. 1872-லிருந்தே அங்கே அப்படித்தான் சட்டம். டெக்சாஸில் வரம்புக்கு உட்பட்டு எழுதினால் செல்லும். சம்பளம் ஏறுவது பெரும்பாலும் கம்பெனி மாறும்போதுதான் என்பதால் இது வெறும் சட்ட விவரம் இல்லை, காசு.

சரி, டெக்சாஸ் பக்கம். இதில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடம் முன்பு டாலஸ் பக்கம் வேலை கிடைத்த ஒரு பையனிடம் "மாநில வரி ஜீரோ, கண்ணை மூடிக்கொண்டு போ" என்றேன். போனான், இரண்டாவது வருடம் மூன்றரை லட்சம் டாலருக்கு வீடு வாங்கினான். அப்புறம் ஒரு ராத்திரி போன். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வசூலிக்கும் சொத்து வரி 7,000 டாலருக்கு மேல். அது வீட்டுக்கடன் தவணையோடு சேர்ந்தே வரும் என்பதால் முதல் வருடம் அவனுக்குத் தெரியவில்லை. மறுவருடம் மதிப்பீடு ஏறியதும் தவணையும் ஏறிவிட்டது. ஆலங்கட்டி மழையால் வீட்டுக் காப்பீடும் அங்கே அதிகம். "நீங்கதானே சார் ஜீரோன்னு சொன்னீங்க?" என்று கேட்டான். என்ன பதில் சொல்ல?

நம் கரையில் மனை வாங்குகிறவர்களுக்கு இது புரியும். மனை விலை குறைவுதான், ஆனால் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர், காவிரித் தண்ணீர் வராத நாளெல்லாம் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மலிவு என்பது ஒரு பில்லில் குறைந்து இன்னொரு பில்லில் வந்து நிற்கும். பள்ளிக்கூடமும் ரோடும் எப்படியும் நடத்தியாக வேண்டும், மாநிலம் சம்பளத்தில் எடுக்காததை உள்ளூர் நிர்வாகங்கள் வீட்டில் எடுக்கின்றன.

கலிபோர்னியாவில் இது தலைகீழ். 1978-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-வது தீர்மானப்படி சொத்து வரியின் அடிப்படை விகிதம் 1 சதவீதம். வாங்கின விலைமீது மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முப்பது வருடம் முன்பு வாங்கினவர் நம் அரண்மனைவாசல் பழைய கடைக்காரர் மாதிரி அந்தக் காலத்துக் கணக்கில் கொஞ்சமாகக் கட்டுவார், நேற்று வாங்கினவர் முழு விலைக்குக் கட்டுவார். அதனால் பழைய ஆட்கள் விற்பதில்லை, வீடு விலையும் இறங்குவதில்லை. காட்டுத்தீ பயத்தால் 2023-ல் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சில அங்கே புதிய வீட்டுப் பாலிசி கொடுப்பதையே நிறுத்தின. ஆக, வாடகை வீட்டில் நாலைந்து வருடம் இருந்து சேர்த்துவிட்டு வரப் போகிறானா, வீடு வாங்கி உட்காரப் போகிறானா என்று தெரியாமல் எந்த மாநிலம் லாபம் என்று என்னால் சொல்ல முடியாது. காக்கா மகன் விஷயத்தில் அது சுலபம். வட்டி வேண்டாம் என்கிற குடும்பம், வீட்டுக்கடன் பேச்சே இல்லை.

அவர்களுக்கு இருந்த சிக்கல் வேறு. ராமநாதபுரத்தில் மகன் பெயரில் ஒரு கடை இருக்கிறது, பரோட்டாக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி அங்கே இருக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் சொல்வதே இல்லை, நான் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அமெரிக்க வரிச் சட்டப்படி அங்கே குடியிருப்பவன் என்று ஆகிவிட்டால் ஊர் வாடகை, ஊர் வங்கி வட்டி எல்லாமே அங்கே கணக்கில் வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான, இங்கே வரி விலக்கு உள்ள என்ஆர்இ வைப்பு வட்டியும் சேர்த்துத்தான். இந்தியாவில் கட்டின வரியை மத்திய அரசு கழித்துக் கொடுக்கும். ஆனால் இரு நாட்டு வரி ஒப்பந்தம் மாநிலங்களைக் கட்டாது. கலிபோர்னியா வெளிநாட்டில் கட்டின வரிக்குக் கழிவும் தருவதில்லை. இங்கேயும் கட்டி அங்கேயும் கட்ட வேண்டியதுதான். டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லாததால் இந்தப் பிரச்சினை எழாது. ஒரு கடை வாடகைக்கு இது சில நூறு டாலர்தான், ஊரையே மாற்றுகிற அளவு இல்லை. ஊரில் ஏழெட்டுக் கடை மகன் பெயரில் இருந்தால் பேச்சு வேறு.

எந்த மாநிலமாக இருந்தாலும் தப்பிக்க முடியாதது ஒன்று: அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனியாக எஃப்பார் அறிக்கை கொடுக்க வேண்டும். அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் அதில் சேரும். "அது வாப்பா காசு, என் காசு இல்ல" என்று பையன் சொன்னான். கணக்கில் பெயர் இருந்தால் போதும். அபராதம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

கம்பெனி பங்காகவும் கொடுத்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கலிபோர்னியாவில் இருக்கும்போது ஒதுக்கின ஆர்எஸ்யூ பங்கு நீங்கள் டெக்சாஸுக்கு மாறின பிறகு கைக்கு வந்தாலும், அங்கே வேலை பார்த்த நாட்களின் விகிதத்துக்குக் கலிபோர்னியா வரி கேட்கும். மூன்று வருடம் இருந்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கல்யாணம் ஆகிக் குழந்தை என்று வந்தால், சம்பளத்தில் பிடித்த அந்த 1.2 சதவீதம் உதவும். பிரசவத்துக்கு, உடம்பு சரியில்லாததற்கு, பிள்ளையைப் பார்க்க எட்டு வாரம் வரை என்று அதிலிருந்து சம்பளத்தில் பெரும்பகுதி வரும். டெக்சாஸில் தனியார் கம்பெனி ஆட்களுக்கு மாநிலத்தின் அப்படி ஒரு திட்டம் இல்லை, கம்பெனி கொடுத்தால் உண்டு. ஆஸ்டின் வெயிலைப் பற்றியும் பையன் குறையாகச் சொன்னான், ராமநாதபுரத்து மே மாதத்தைப் பார்த்தவன் அதைச் சொல்லலாமா என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காக்காவுக்கு உண்மையில் இருந்த கவலை கடைசியில்தான் வந்தது. மகளுக்கு இரண்டு வருடத்தில் கல்யாணம், கீழக்கரை வழக்கப்படி மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மகன் மாதாமாதம் அனுப்பியாக வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கெல்லாம் அமெரிக்கா 1 சதவீதம் வரி போட்டுவிட்டதாமே என்றார். 2026 ஜனவரியிலிருந்து அந்த வரி ரொக்கமாகவோ மணியார்டர், கேஷியர் செக் மாதிரித் தாளாகவோ கட்டி அனுப்புகிறவர்களுக்குத்தான். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் கிடையாது என்றதும் முகம் தெளிந்தது.

இரண்டு வருடத்தில் வீடு கட்ட வேண்டும் என்பதை மட்டும் பார்த்தால் ஆஸ்டின். இடையில் வேலை போனால் வீட்டு வேலையும் பாதியில் நிற்கும், பையனும் நடுத்தெருவில் நிற்பான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சான் ஹோசே. நான் சான் ஹோசே பக்கம்தான் பேசினேன், ஆனால் 2,700 டாலர் வீட்டில் தனியாக இல்லை.

"அப்ப அங்க சார்ஜா எது, தம்பி?" என்றார் காக்கா.

இருக்கிறது. மலைத்தொடருக்கு அந்தப்பக்கம் டிரேசி, மவுண்டன் ஹவுஸ் என்று ஊர்கள், வாடகை குறைவு, நம் ஆட்களும் நிறைய. அங்கிருந்து அல்டமாண்ட் கணவாய் வழியாகச் சான் ஹோசேக்கு ரயிலே விடுகிறார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டார். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, விடியுமுன் கிளம்ப வேண்டும் என்றேன்.

"வேணாம். நான் பட்டது போதும்" என்று அங்கேயே மகனை வாட்ஸாப்பில் கூப்பிட்டார். சான் ஹோசேயிலேயே மூன்று பேர் சேர்ந்து எடுக்கிற வீட்டில் ஒரு ரூம் 1,300 டாலருக்கு இருக்கிறதாம். மூடியில் 2,700-ஐ அடித்துவிட்டு 1,300 எழுதினோம். ஆஸ்டினிலும் சேர்ந்து தங்கினால் இன்னும் குறையுமே என்று பையன் சொன்னான். உண்மைதான், அதையும் எழுதினோம். அப்படியும் ஆஸ்டின்தான் கொஞ்சம் முன்னால் நின்றது, ஆனால் பன்னிரண்டாயிரம் வித்தியாசம் நாலாயிரத்துப் பக்கம் வந்துவிட்டது. அந்த நாலாயிரத்தை அறுபது நாள் பயத்துக்குக் கொடுக்கிற காசாக வைத்துக்கொள்வதென்று அப்பாவும் மகனும் பேசி முடித்தார்கள்.

மறுநாள் பரோட்டாக் கடைக்காரர் போன் செய்தார். கடை உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் வாடகையில் 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும், அதற்கு டான் எண் (வரி பிடித்துக் கட்டுகிறவருக்கான எண்) வாங்க வேண்டும் என்று நான் சொன்னதைக் காக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார். "அவுக மகன் அமெரிக்கா போனதுக்கு நான் எதுக்கு சார் நம்பர் வாங்கணும்?" என்றார். பிடித்ததில் கூடுதலாக இருப்பதை மகன் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்வான், உங்கள் கையிலிருந்து ஒரு பைசா போகாது என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. திங்கட்கிழமை பான் கார்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.