சேர்ந்து நுழைவதன் கணக்கு: பாத்திரக் குழு ஷூட்டர் விளையாட்டுகள் இயங்கும் விதம்

ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு இரண்டு அணிகள் மோதும் ஷூட்டர் விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர், பெரும்பாலும் ஒரே ஒரு கவலையோடு வருகிறார்: குறி தப்பிவிடுமே என்பதுதான் அது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் தொடக்கக்காலத்தில் அவருடைய அணிக்கு அதிக இழப்பை உண்டாக்குவது, அவர் எப்போது, யாருடன் சேர்ந்து, எந்த இடத்தில் சண்டைக்குள் நுழைகிறார் என்ற முடிவுதான் என்பது என் உறுதியான கருத்து. குறி பார்ப்பது கைக்குப் பழக மாதங்கள் ஆகும். சண்டைக்குள் நுழையும் நேரத்தைச் சரியாகத் தேர்வதை இன்றைக்கே தொடங்கிவிடலாம். ஏன் அது அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பின்னால் தெளிவான கணிதம் இருக்கிறது.

இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடிகளுள் ஒன்று, 1996-இல் ‘குவேக்’ விளையாட்டின்மீது ஆர்வலர்கள் சிலர் கட்டியெழுப்பிய ‘டீம் ஃபோர்ட்ரஸ்’. அதன் வழிவந்த ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ விளையாட்டை வால்வ் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. பிளிசார்ட் நிறுவனத்தின் ‘ஓவர்வாட்ச்’ 2016-இல் வந்தது. எண்கள் தெளிவாகத் தெரிந்த விளையாட்டு என்பதால், டீம் ஃபோர்ட்ரஸ் 2-ஐயே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதில் ஒன்பது பாத்திரங்கள் உள்ளன. ஹெவி 300 ஹெல்த் உடையவர், ஆனால் நொடிக்கு 230 அலகு தொலைவுதான் நகர்வார். ஸ்கவுட் 125 ஹெல்த் மட்டுமே உடையவர், ஆனால் நொடிக்கு 400 அலகு ஓடுவார். சோல்ஜருக்கு 200, பைரோவுக்கும் டெமோமேனுக்கும் 175, மெடிக்குக்கு 150, இன்ஜினியர், ஸ்னைப்பர், ஸ்பை ஆகியோருக்கு 125 என ஹெல்த் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பாத்திரமும் தனக்குத்தானே போதுமானதாக இல்லாதபடி திட்டமிட்டே இந்த எண்கள் அமைக்கப்பட்டுள்ளன.

இனிக் கணிதத்துக்கு வருவோம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர், தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் இரண்டு படைகள் மோதினால் இழப்புகள் எப்படி அமையும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார். அவருடைய முடிவு ‘வர்க்க விதி’ என்று அழைக்கப்படுகிறது: ஒரு படையின் வலிமை அதன் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்வதில்லை, ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. கூடுதலாக நிற்கும் ஒவ்வொருவரும் எதிரியின்மீது விழும் குண்டுகளை அதிகமாக்குவதோடு, தம் அணியினர் ஒவ்வொருவர் மீதும் விழும் குண்டுகளின் பங்கைக் குறைக்கவும் செய்கிறார்கள். இந்த இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று பெருக்குவதால்தான் வர்க்கம் தோன்றுகிறது.

சமத் திறமையுடைய ஆறு பேர் ஆறு பேரை எதிர்கொண்டால் முடிவு எப்படியும் போகலாம். ஆறு பேர் நான்கு பேரை எதிர்கொண்டால், 36-இலிருந்து 16-ஐக் கழிக்க வரும் 20-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.5, அதாவது, நால்வரும் வீழ்ந்த பிறகும் பெரிய அணியில் நான்கு பேருக்குமேல் நிற்பார்கள். இதைவிடக் கவனிக்கத்தக்கது, முழு அணியும் துண்டுதுண்டாக வரும்போது நேர்வதுதான். ஆறு பேர் கொண்ட உங்கள் அணி மூன்று மூன்று பேராக அடுத்தடுத்து நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மோதலுக்குப் பிறகு எதிரணியிடம் மிஞ்சும் வலிமை 36-இலிருந்து 9-ஐக் கழித்த 27. இரண்டாவது மோதலுக்குப் பிறகு 18. அதன் வர்க்கமூலம் 4.2. ஒவ்வொருவராக நுழைந்தாலோ, ஆறு பேரும் இறந்து முடிந்த பிறகு எதிரணியில் ஏறத்தாழ 5.5 பேர் மிஞ்சுவார்கள். ஆட்களின் திறமையோ மொத்த எண்ணிக்கையோ மாறவில்லை. வந்துசேர்ந்த நேரம் மட்டுமே மாறியது.

புதியவர்கள் மிக இயல்பாகச் செய்வது இந்தத் துண்டுதுண்டான நுழைவைத்தான். இறந்தவர் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் பிறப்பதை ரீஸ்பான் என்கிறோம். ரீஸ்பான் ஆனதும் ஓடிப்போய், முன்வரிசையில் தம் அணியினர் யாரும் இல்லாத நிலையில் நான்கைந்து எதிரிகளின் நடுவே விழுந்து மறுபடியும் இறக்கிறார்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் ரீஸ்பான் அலை அலையாக நிகழ்கிறது. அடுத்த அலை வந்துசேரும்வரை ஒரு சுவரின் பின்னால் நின்று காத்திருப்பவர், வெறும் விநாடிகளைச் செலவழித்துத் தம் அணியின் வலிமையை வர்க்க அளவில் கூட்டுகிறார். அதேபோல், உங்கள் பக்கம் மூவர் வீழ்ந்துவிட்டதைத் திரையின் ஓரத்தில் வரும் சாவுப் பட்டியலில் கண்டால், அங்கேயே நின்று வீரமாகச் சண்டையிடுவதைவிடப் பின்வாங்குவது நல்லது. பின்வாங்கி உயிரோடிருக்கும் ஒருவர் அடுத்த மோதலின் எண்ணிக்கையில் இருக்கிறார். அங்கேயே நின்று இறந்தவரோ முதலில் காத்திருக்க வேண்டும், பிறகு நீண்ட தொலைவு ஓடிவரவும் வேண்டும்.

இந்த விதி எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் லான்செஸ்டரே காட்டினார். எல்லோரும் எல்லோரையும் சுட முடியாமல், ஒருவருக்கொருவர் மட்டுமே மோத வேண்டிய நிலையில் வலிமை ஆள் எண்ணிக்கையின் அளவிலேயே, நேர்விகிதத்தில், இருக்கும். ஆகவே உங்கள் அணி சிறுத்திருக்கும்போது திறந்த வெளியைவிட்டுக் குறுகிய வாயிலுக்குள் ஒதுங்குவது, எதிரியின் கூட்ட வலிமையை வெறும் எண்ணிக்கையாகச் சுருக்கும் வழி. ஆனால் குறுகிய இடத்தில் நெருங்கி நின்றால், டெமோமேனின் ஒரே வெடிகுண்டு பலரையும் தாக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அணியினருக்குச் சிகிச்சை அளிக்கும் மெடிக் ஏன் இவ்வளவு மதிக்கப்படுகிறார் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும். அடிபட்டுக்கொண்டிருப்பவருக்கு மெடிக்கின் கருவி நொடிக்கு 24 ஹெல்த் தருகிறது. கடைசியாக அடிபட்டுப் பதினைந்து விநாடி கடந்தவருக்கோ அது மும்மடங்காகி நொடிக்கு 72 ஆகிறது. எனவே காயம்பட்டவர் சண்டையிலிருந்து சற்று விலகி நின்றால், மெடிக்கின் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். சண்டை நடுவே நின்றுகொண்டு மெடிக்கை அழைத்துக்கொண்டே இருப்பவர் மற்றவர்களுக்குச் சேர வேண்டிய சிகிச்சையை அறியாமலே எடுத்துக்கொள்கிறார். இயல்பான அளவுக்கு மேலும் ஒன்றரை மடங்குவரை மெடிக்கால் ஹெல்த்தை ஏற்ற முடியும். ஒரு ஹெவி அப்போது 450 ஹெல்த்தோடு நிற்பார். அந்தக் கூடுதல் ஹெல்த் சிறிது நேரத்தில் கரைந்துவிடுவதால், அது கையில் இருக்கும்போதே முன்னேற வேண்டும்.

தொடர்ந்து சிகிச்சை அளித்தால், குறைந்தது நாற்பது விநாடியில் மெடிக்கின் ‘யூபர்’ நிரம்பும். அதைத் திறந்தால், மெடிக்கும் அவர் பிடித்திருக்கும் ஒருவரும் எட்டு விநாடிக்கு எந்தச் சேதமும் அடைய மாட்டார்கள். எதிரியின் ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும், அந்த இருவர்மீது விழும் இழப்பு பூஜ்யம். இன்ஜினியர் நிறுவி, அரண்போல் நின்று தானாகச் சுடும் சென்ட்ரி துப்பாக்கியை உடைப்பதற்கு அந்த எட்டு விநாடி போதும், கூட வருபவர்கள் பின்தொடர்ந்தால். மெடிக் இறந்தால் சேர்த்துவைத்த யூபர் முழுவதும் போய்விடுகிறது என்பதால், மெடிக்காக ஆடும் புதியவர் எதிரியைக் கொல்ல முயல்வதைவிடத் தாம் உயிரோடிருப்பதிலேயே குறியாக இருக்க வேண்டும். மற்றவர்களும் மெடிக்கின் பின்புறத்தை அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த ஆட்டக்காரர்கள், பெரும்பாலும் இந்தத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்களே.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய தொலைவு ஒன்று உண்டு. பெரும்பாலான துப்பாக்கிகளின் சேதம் 512 அலகுத் தொலைவில் இயல்பான அளவிலும், நெருங்கினால் அதைவிடக் கூடுதலாகவும், 1024 அலகுக்கு அப்பால் ஏறத்தாழப் பாதியாகவும் இருக்கும். ஸ்னைப்பரின் துப்பாக்கிக்கு இந்தத் தேய்மானம் இல்லை. தலையில் படும் அவருடைய குண்டு குறைந்தது 150 சேதம் தருவதால், கூடுதல் ஹெல்த் இல்லாத மெடிக் ஒரே குண்டில் வீழ்வார். ஆகவே ஸ்கவுட்டாகவோ பைரோவாகவோ ஆடுபவர், தொலைவில் நிற்கும் எதிரியை நேராகச் சுட்டுக்கொண்டிருப்பது தம் வலிமையைத் தாமே பாதியாக்கிக்கொள்வதாகும். மறைவுகளின் வழியே நெருங்கிச் செல்வதே அவர்களுக்குரிய வேலை.

குறி பார்ப்பதிலும் அறிவியல் இருக்கிறது. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல், ஓர் இலக்கை நோக்கிக் கையை நகர்த்த ஆகும் நேரம் இலக்கின் தொலைவு கூடக்கூடவும் அதன் அகலம் குறையக் குறையவும் மடக்கை அளவில் அதிகரிக்கிறது என்று காட்டினார். எதிரியின் அகலத்தை நாம் மாற்ற இயலாது, ஆனால் தொலைவை மாற்றலாம்: நடக்கும்போது தரையைப் பார்க்காமல், அடுத்த திருப்பத்தில் எதிரி தோன்றக்கூடிய இடத்தில், அவருடைய நெஞ்சு உயரத்தில், கிராஸ்ஹேரை (திரையின் நடுவில் உள்ள குறிப்புள்ளியை) முன்கூட்டியே வைத்திருந்தால் மவுஸ் நகர வேண்டிய தூரம் மிகச் சிறியதாகிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்களின் கை மின்னல் வேகத்தில் இயங்குவதாகத் தோன்றும். பல நேரங்களில் அவர்கள் கையை அசைக்கவே தேவையில்லாதபடி முன்பே வைத்திருக்கிறார்கள்.

ராக்கெட் போன்ற பறக்கும் ஆயுதங்களுக்கு வேறு கணக்கு. சோல்ஜரின் ராக்கெட் நொடிக்கு 1100 அலகு பறக்கும். 550 அலகுக்கு அப்பால் குறுக்கே ஓடும் ஸ்கவுட்டைச் சுட்டால், அது போய்ச் சேர அரை நொடி ஆகும். அதற்குள் அவர் 200 அலகு, அதாவது தம் உடல் அகலத்தைப்போல் நான்கு மடங்கு, நகர்ந்திருப்பார். எனவே அவர் போய்ச் சேரும் இடத்தைச் சுட வேண்டும். அதிலும் நெஞ்சைவிடக் காலடித் தரை மேலானது: ராக்கெட் வெடித்த இடத்தைச் சுற்றிலும் சேதம் பரவுவதால், சற்றுத் தப்பினாலும் அடி விழும், வெடிப்பின் விசையில் காற்றில் தூக்கியெறியப்பட்டவர் பெரும்பாலும் எளிதில் கணிக்கக்கூடிய வளைவிலேயே விழுவார் என்பதால் அடுத்த ராக்கெட்டுக்கும் வழி கிடைக்கும்.

“சுவருக்குப் பின்னால் வந்த பிறகும் என்னைச் சுட்டுவிட்டார்கள்” என்பது புதியவர்கள் எல்லோரும் சொல்லும் குறை. அது ஏமாற்று வேலை அல்ல. உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இடையே செய்தி போய்வர நேரமாகிறது. ஒளியிழையில் ஒளியே நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் செல்கிறது. மற்றவர்களின் அசைவு தடங்கலின்றித் தெரிவதற்காக, டீம் ஃபோர்ட்ரஸ் 2 இயங்கும் சோர்ஸ் எஞ்சின் தன் இயல்பு அமைப்பில் அவர்களை 100 மில்லி விநாடி தாமதமாகவே திரையில் காட்டுகிறது. ஆக, ஒவ்வொருவரும் எதிரியின் சிறிது பழைய நிலையைப் பார்த்துத்தான் சுடுகிறார்கள். இந்த அநியாயத்தை ஈடுசெய்ய, சுட்டவர் விசையை அழுத்திய கணத்தில் அவர் திரையில் யார் எங்கே தெரிந்தார்களோ அந்த நிலைக்குச் சர்வர் எல்லோரையும் பின்னோக்கி நகர்த்திப் பார்த்துவிட்டு, குண்டு பட்டதா என்று முடிவு செய்கிறது. மொத்தத் தாமதம் 150 மில்லி விநாடி என்றால், ஸ்கவுட் அதற்குள் 60 அலகு ஓடியிருப்பார். தம் திரையில் அவர் சுவருக்குள் மறைந்துவிட்டார், சுட்டவர் திரையில் இன்னும் வெளியே நிற்கிறார். நேருக்கு நேர் நிற்கும்போதே ஸ்பையின் கத்தி முதுகில் பாய்ந்ததாகக் கணக்காவதற்கும் இதே காரணம் உண்டு. ராக்கெட்டுகளுக்கு இந்தப் பின்னோக்கிய ஈடு இல்லாததால், பிங் (செய்தி போய்வர ஆகும் நேரம்) அதிகமாக இருந்தால் இன்னும் சற்று முன்னால் சுட வேண்டும். ஒதுங்குவதையும் கடைசிக் கணம்வரை தள்ளிப்போடாமல் அரைக் கணம் முன்பே செய்ய வேண்டும்.

யாரைப் பார்க்கிறோம் என்று விரைவாக அறிவதற்கான உதவியை வடிவமைப்பாளர்களே செய்திருக்கிறார்கள். வால்வ் நிறுவனத்தினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்குகிறார்கள்: நிறத்தால் அணியையும், நிழலுருவின் வெளிக்கோட்டால் பாத்திரத்தையும், நெஞ்சுப் பகுதியில் மிகுந்திருக்கும் நிற வேறுபாட்டால் கையிலுள்ள ஆயுதத்தையும் கண் உடனே பிரித்தறியும்படி உருவங்கள் வரையப்பட்டன. இதை ஏமாற்றும் ஒரே பாத்திரம், உங்கள் அணியினராக வேடமிடும் ஸ்பை. அவரைக் கண்டறிய எளிய வழி உண்டு. இந்த விளையாட்டில் தம் அணியினரின் உடலுக்குள் ஊடுருவி நடக்க முடியும், எதிரியின் உடலோ தடுக்கும். சந்தேகப்படுபவர்மீது மோதிப் பார்த்தால் போதும். இயல்பான அமைப்பில் தம் அணியினருக்குக் குண்டு சேதம் செய்யாது என்பதால், சந்தேகப்படுபவரைச் சுட்டும் பார்க்கலாம்.

முதலில் எந்தப் பாத்திரத்தை எடுப்பது? ஸ்பையும் ஸ்னைப்பரும் கவர்ச்சியானவர்கள்; ஆனால் எதிரிகள் எங்கே நிற்பார்கள், எப்போது திரும்புவார்கள் என்ற பழக்கம் ஏற்பட்ட பிறகே அவர்களால் பயன் உண்டு. சோல்ஜரையோ மெடிக்கையோ எடுப்பதுதான் என் பரிந்துரை. சோல்ஜருக்கு 200 ஹெல்த் இருப்பதால் சில தவறுகளைத் தாங்கிக்கொள்ளலாம், மெடிக்கோ முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்பதால் சண்டை முழுவதையும் பார்க்கிறார். களத்தின் வழிகளையும் மருந்துப் பெட்டிகள் கிடக்கும் இடங்களையும் இணையமில்லாப் பயிற்சியில், கணினி ஆடும் எதிரிகளோடு, பதற்றமின்றிக் கற்றுக்கொள்ளலாம்.

இறந்த கணத்திலும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. உங்களைக் கொன்றவரின் உருவத்தையும் அவரிடம் மிஞ்சியுள்ள ஹெல்த்தையும் திரை சில விநாடி உறையவைத்துக் காட்டும். “சோல்ஜர், 40 ஹெல்த், இடப்பக்கப் படிக்கட்டு” என்று அப்போதே அணியினருக்குச் சொல்லிவிட்டால், அருகில் உள்ள ஒருவர் ஒரே குண்டில் அவரை வீழ்த்திவிடலாம்; நீங்கள் ரீஸ்பான் ஆகி வரும்போது இரு பக்கமும் ஆள் எண்ணிக்கை மீண்டும் சமமாக இருக்கும்.